வயலுக்குப் பட்டி அடைக்கும் சேவை: திருகோணமலை விவசாயிக்கு ஒரு மதிப்பீடு

அறுவடை முடிந்த வயலில் இரவுக்கு இரவு மாட்டுப் பட்டியை அடைத்து எருவேற்றித் தரும் சேவைதான், திருகோணமலை மாவட்டத்தில் கிடைக்கும் சேதனப் பசளைகளுள் கொடுக்கிற காசுக்கு அதிகம் தருவது. இது எங்கள் உறுதியான கருத்து. ஒரு நிபந்தனை உண்டு: பட்டி நகர வேண்டும். ஒரே இடத்தில் ஐந்து இரவு கிடக்கும் பட்டி அந்த இடத்தைக் கெடுத்து, மற்ற இடத்தைப் பட்டினி போட்டுவிட்டுப் போகும். மாடு எத்தனை என்று பேரம் பேசுகிற அளவுக்கு, எத்தனை தரம் பட்டியை மாற்றுவார்கள் என்று விவசாயிகள் பேசுவதில்லை. இந்தச் சேவையில் வரும் ஏமாற்றங்களில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கங்களில் திறந்த மேய்ச்சலில் வளரும் நாட்டு மாடுகளே இதற்கு வருபவை. பால் கறப்பது குறைவு. பட்டியின் வருமானம் பெரும்பாலும் இறைச்சிக்கு விற்கும் நாம்பன்களில் (இளங்காளைகளில்) தங்கியிருக்கிறது. கொட்டிலில் கட்டி வளர்க்கும் பால்மாட்டின் சாணத்தை வாரித்தான் கொண்டுபோக வேண்டும். இறைச்சி மாடோ தன் எருவைத் தானே நடந்து கொண்டுவந்து வயலில் போடுகிறது. ஏற்றுக்கூலி இல்லை, டீசல் இல்லை, சிறுநீரும் வீணாவதில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு நவம்பரில் தடை நீங்கும் வரை நாடு முழுக்கச் சேதனப் பசளைக்கு அலைந்தபோது, பட்டி வைத்திருந்த ஊர்களுக்குக் கையிலேயே ஒரு வழி இருந்தது. அதை முறையாகச் செய்ய ஆட்கள் போதவில்லை என்பதுதான் குறை.

கணக்கைப் பார்ப்போம். 200 கிலோ எடையுள்ள நாட்டு மாடு ஒரு நாளில் 8 முதல் 10 கிலோ ஈரச் சாணம் போடும். அதில் பாதி இரவில் விழும். ஆகவே 100 மாடு ஓர் இரவில் 400 முதல் 500 கிலோ சாணமும், ஏறத்தாழ 300 லீற்றர் சிறுநீரும் தரும். ஒரு மாட்டுக்கு 4 சதுர மீற்றர் என்று அடைத்தால் 100 மாட்டுக்கு 400 சதுர மீற்றர், அதாவது சுமார் 16 பேர்ச். ஒவ்வோர் இரவும் நகர்த்தினால் பத்து இரவில் ஓர் ஏக்கர் முடியும். ஏக்கருக்கு நான்கு முதல் ஐந்து தொன் ஈரச் சாணம் சேரும்.

இதில் உள்ள நைதரசனில் கணிசமான பங்கு காற்றில் போகும், சாணத்தில் உள்ளதில் பெரும்பகுதி மெதுவாகத்தான் கரையும். இரண்டையும் கழித்தால் முதல் போகத்துக்குக் கைக்கு வருவது 50 கிலோ யூரியா மூடையில் அரைவாசிக்கும் முக்கால்வாசிக்கும் இடைப்பட்ட அளவு. யூரியாவே தேவையில்லை என்று சொல்லிப் பட்டியை விற்கிறவரை நம்பவேண்டாம். மிச்சப் பயன் பொட்டாசியத்திலும், அடுத்தடுத்த போகங்களில் மெதுவாக வெளிவரும் சத்திலும், மண்ணின் ஈரம் பிடிக்கும் தன்மையிலும் இருக்கிறது. மூன்று ஆண்டு தொடர்ந்து பட்டி அடைத்த வரவையில் (வரம்பு கட்டிய வயல் துண்டில்) கலப்பை இறங்குவதே வேறு மாதிரி இருக்கும்.

நல்ல பட்டிக்காரரை அடையாளம் காண, அவர் பட்டியை எப்படி அடைக்கிறார் என்று பார்த்தால் போதும். 20 மீற்றருக்கு 20 மீற்றர் சதுரம். சுற்றளவு 80 மீற்றர். இரண்டரை மீற்றருக்கு ஒன்றாக 32 கட்டைகள், மூன்று வரி நைலோன் கயிறு. மறுநாள் நகர்த்தும்போது நான்கு பக்கத்தையும் பிடுங்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தை அப்படியே விட்டு, மற்ற மூன்று பக்கத்தையும் அதற்கு மறுபுறம் திருப்பி நட்டால் புதிய சதுரம் தயார். பழகிய இரண்டு பேருக்கு ஒரு மணித்தியால வேலை. முட்கம்பி கொண்டுவருபவரைத் தவிர்த்துவிடுங்கள்: இரவில் யானையோ நாயோ மாட்டை வெருட்டினால் மாடு கம்பியில் கிழிபடும், நகர்த்தவும் பிந்தும். பிந்தினால் நகர்த்தமாட்டார்கள். அடைப்பது மேட்டுப் பக்கத்து வரவையிலிருந்து தொடங்க வேண்டும்; இடையில் மழை வந்தால் கழுவிக்கொண்டு போவது உங்கள் வயலின் மிச்சப் பகுதிக்கே போகட்டும். வரம்பிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி அடைக்கச் சொல்லுங்கள். மிதிபட்டு உடைந்த வரம்பைத் திருத்தும் கூலி, எருவின் இலாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

காலையில் மாட்டை அவிழ்க்கும் நேரமும் முக்கியம். படுத்திருந்த மாடு எழும்பியதும்தான் சாணம் போடும், சிறுநீர் கழிக்கும். விடிந்ததும் அதட்டி ஓட்டிவிட்டால் அந்த முதல் சாணம் தெருவிலும் வாய்க்கால் கட்டிலும் விழும். எழுப்பிவிட்டு அரை மணித்தியாலம் பட்டிக்குள்ளேயே நிற்க விடுகிறவர் வேலை தெரிந்தவர். மாலையில் பட்டிக்குள் வரும்போது மாட்டின் இடது பக்கத்தைப் பாருங்கள். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள முக்கோணம் நிரம்பியிருந்தால் மாடு மேய்ந்து வந்திருக்கிறது. குழி விழுந்து கிடந்தால் பகல் முழுவதும் நடந்திருக்கிறதே தவிர வயிறு நிரம்பவில்லை. நூறு மாட்டுக்குக் காசு வாங்கி ஐம்பது மாட்டின் சாணம் தருகிற பட்டி அது. கன்றுகள் எத்தனை என்பதையும் தனியாக எண்ணுங்கள். இரண்டு கன்றை ஒரு மாடாகக் கொள்வது நியாயம்.

சாணம் விழுந்த இரண்டாம் நாள் ஒரு குவியலைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள். அடியில் விரல் நுழையும் அளவு துளைகளும், பக்கத்தில் சிறு மண் குவியல்களும் இருந்தால் சாணவண்டு வேலை செய்கிறது. சாணத்தை உருண்டையாக மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போய், எருவையும் காற்றையும் ஒன்றாக இறக்கும் பூச்சி அது; ஈ பெருகாமலும் தடுக்கும். துளையே இல்லாமல் மேலே தோல் கட்டிக் கிடந்தால் பட்டிக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கடைசியாக எப்போது குடற்புழு ஊசி போட்டீர்கள்? ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து போட்ட மாட்டின் சாணத்தில் மருந்து சில கிழமைகளுக்குத் தொடர்ந்து வெளியேறும். அதை உண்ணும் வண்டின் புழுக்கள் சாகும். ஊசி போட்ட பட்டியை மூன்று, நான்கு கிழமை கழித்து எடுப்பது நல்லது. மாட்டுக்கு மருந்து வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாள் பார்த்துப் போடவேண்டும், அவ்வளவே.

இந்த மாவட்டத்தில் பெரிய எதிரி, மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று. சிறுபோக அறுவடைக்குப் பிந்திய ஓகஸ்ட், செப்டெம்பரில் அது வீசும்போது சாணம் ஒரே பகலில் காய்ந்து இறுகும். சிறுநீரில் உள்ள நைதரசன் அமோனியாவாகப் பறக்கும். பட்டி நின்ற இடத்தில் மூக்கைக் குத்தும் மணம் வருகிறதென்றால் உங்கள் காசு காற்றில் போகிறது என்று அர்த்தம். மருந்து ஒன்றுதான்: பட்டி நகர்ந்த மறுநாளே, பிந்தினால் அதற்கடுத்த நாள், மேலோட்டமாக ஓர் உழவு. ஆழ உழத் தேவையில்லை, நான்கு அங்குலம் போதும். பத்து இரவும் முடியட்டும், சேர்த்து உழலாம் என்று இருப்பவர் சிறுநீரின் பயனை ஏறக்குறைய முழுதாகவே இழக்கிறார். உழவு இயந்திரத்தைத் தினமும் கூப்பிடுவது கட்டாது என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு சதுரத்தைச் சேர்த்து உழுங்கள்.

பிந்தாமல் உழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பச்சைச் சாணத்தையும் வைக்கோலையும் உழுத கையோடு தண்ணீர் கட்டினால், காற்றில்லாத சேற்றில் அது மெதேனாக வெளியேறும், நாற்றும் மஞ்சளிக்கும். காய்ந்த மண்ணில் உழுது ஒரு மாதமாவது விட்ட பிறகு தண்ணீர் ஏற்றினால் இரண்டும் குறையும். அதனால் பெரும்போகத்துக்கு முந்திய இடைவெளிதான் பட்டிக்கு ஏற்ற காலம். பெரும்போகம் வெட்டிச் சிறுபோகம் விதைப்பதற்கு இடைப்பட்ட சில கிழமைகள் போதாது. கந்தளாய்க் குளத்தின் கீழும் அல்லைத் திட்டத்தின் கீழும் இரு போகம் செய்பவர்கள் அந்த அவசரத்தில் பட்டி அடைக்காமல் விடுவதே நல்லது. மானாவாரிக் காணிக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. பங்குனி முதல் புரட்டாதி வரை வயல் சும்மாதான் கிடக்கிறது.

இதற்கு மாற்றாகக் கிடைப்பவை இரண்டு. நிரந்தரப் பட்டியில் சேர்ந்து கிடப்பதைச் சுரண்டி உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து கொட்டுவது ஒன்று. கடையில் மூடையாக விற்பது மற்றது. பெட்டி எருவில் மண் கலந்தே வரும். ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு நீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் அடியில் படியும். அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணல் நின்றால் நீங்கள் மண்ணை விலைக்கு வாங்குகிறீர்கள். மாரியில் நனைந்து கிடந்த எரு என்றால் கரையக்கூடிய சத்து ஏற்கெனவே போய்விட்டிருக்கும். கடை மூடை பூச்சட்டிக்குச் சரி, ஏக்கர் கணக்குக்கு ஆகாது.

பட்டி அடைப்பின் உண்மையான குறை களை. திறந்த மேய்ச்சல் மாட்டின் வயிற்றில் சில விதைகள் சாகாமல் வெளியே வரும். பக்கத்து ஊர் வயலில் பன்றி நெல் (நெல்லோடு களையாக முளைக்கும் காட்டு நெல்) மேய்ந்த மாடு அதை உங்கள் வரவைக்கும் கொண்டுவரலாம். பட்டி எங்கே மேய்ந்துவிட்டு வருகிறது என்று விசாரியுங்கள். பன்றி நெல் பிடித்த வயலிலிருந்து நேரே வருவதென்றால் மூன்று நான்கு நாள் வேறு இடத்தில் மேய்த்துவிட்டு வரச்சொல்லுங்கள். மாட்டின் குடல் அதற்குள் பெரும்பாலும் வெளிக்கும். அதன் பிறகும் முதல் மழைக்கோ முதல் தண்ணீருக்கோ முளைப்பதை இரண்டு கிழமை முளைக்கவிட்டு, உழுது அழித்த பின்பே விதைக்க வேண்டும். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவருக்கு இந்தச் சேவையை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்து மணல் காணியில் வெங்காயம் செய்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். மணலில் நைதரசன் நிற்காது. முதல் கனமழையோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். அங்கே கிணறுகள் ஆழமில்லாதவை, குடிநீரும் அதுவே. கிணற்றிலிருந்து 30 மீற்றருக்குள் பட்டி அடைக்கக்கூடாது. ஓர் இடத்தில் ஓர் இரவுக்கு மேல் கூடவே கூடாது. மாடு வருமுன் வைக்கோலை ஒரு கை உயரத்துக்குப் பரப்பிவிட்டால் அது சிறுநீரை உறிஞ்சி வைத்திருக்கும். பச்சையாகச் சாப்பிடும் இலைவகை, கரட், வெள்ளரி போன்றவற்றுக்குப் பட்டி நின்ற நாளிலிருந்து பிடுங்கும் நாள் வரை நான்கு மாதம் இடைவெளி வேண்டும், சாணத்தில் உள்ள கிருமி மண்ணில் சாக அவ்வளவு காலம் தேவை.

பட்டிக்காரரின் கடமைகள் இருக்கட்டும், வயல்காரரின் பக்கம் என்ன இருக்கிறது? முதலாவது தண்ணீர். வெயில் காலத்தில் ஒரு மாடு நாளுக்கு 30 முதல் 40 லீற்றர் குடிக்கும், நூறு மாட்டுக்கு மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் லீற்றர். வாய்க்காலோ குளமோ கிட்ட இல்லாத வயலுக்குப் பட்டி கேட்பவர் இதற்கு வழி சொல்லிவிட்டுத்தான் கேட்கவேண்டும். இரண்டாவது துப்புரவு. வயலில் கிடக்கும் பொலித்தீன், நைலோன் நூல், மருந்துப் போத்தல், எல்லாவற்றையும் விட முக்கியமாக யூரியா மூடையின் வெறும் சாக்கு, அத்தனையையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். உப்புச் சுவைக்காக மாடு சாக்கை நக்கும். கொஞ்சம் அதிகமாகப் போனால் வயிறு ஊதி, நடுங்கி, சில மணித்தியாலங்களில் சாகும். ஒரு நாம்பன் செத்தால் அந்தக் குடும்பத்தின் பல மாத வருமானம் போய்விடும்.

வைக்கோலைக் கொளுத்தாமல் வைத்திருப்பது மூன்றாவது. அறுவடை இயந்திரம் வரிசையாக விட்டுப்போகும் வைக்கோலைத் தீ வைக்கும் வழக்கம் பரவிவிட்டது. புகையோடு நைதரசன் ஏறக்குறைய அத்தனையும் போகிறது, மண்ணின் மேல் உயிர்களும் போகின்றன. அதே வைக்கோலைப் பட்டிக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கொடுக்கலாம். 100 லீற்றர் நீரில் 4 கிலோ யூரியாவை முற்றாகக் கரைத்து 100 கிலோ வைக்கோலில் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி ஏழு முதல் பத்து நாள் வைத்தால் மாட்டுக்கு அது நன்றாகச் சமிக்கும், புரதமும் கூடும். திறந்தபின் சில மணித்தியாலம் ஆறவிட்டுப் போடவேண்டும். கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் ஒரு நிமிடம் கூட வைக்காதீர்கள், குடித்தால் நஞ்சு. இப்படி வைக்கோல் கொடுத்துப் பட்டி வாங்கும் ஏற்பாடு இரு பக்கத்துக்கும் காசு மிச்சப்படுத்துகிறது. இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்த அம்சமும் அதுதான்.

மாட்டினால் சுற்றாடலுக்கு நன்மை மட்டுமே என்று எழுதுவது நேர்மையாகாது. ஒரு நாட்டு மாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 30 முதல் 50 கிலோ மெதேனை ஏப்பமாக விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. தீனி போதாமல் ஐந்தாறு வயதுவரை இழுபட்டு வளரும் நாம்பன், ஒரு கிலோ இறைச்சிக்கு விடும் மெதேன் அதிகம். மூன்றரை, நான்கு வயதுக்குள் எடை கூட்டி விற்றால் அது குறையும். நன்மை, மாடு எதைத் தின்கிறது என்பதில் இருக்கிறது: மனிதருக்கு ஆகாத வைக்கோல், தாள்கட்டை, தரிசுப் புல். இறக்குமதித் தீவனத்தில் வளர்ந்த மாட்டுக்கு இந்த வாதம் பொருந்தாது. குளக்கட்டில் மாடு ஏறி இறங்கிப் பாதை போட்டால் மாரியில் அந்தப் பாதையால்தான் கட்டு அரிக்கும். குளக்கட்டு வழியாகப் பட்டியை ஓட்டும் ஆளுக்கு வேலை கொடுக்காதீர்கள்.

சமூகப் பக்கம் இந்தச் சேவையின் பயன் கண்ணுக்குத் தெரிவது. தம்பலகாமத்து வயல்காரரும் கிண்ணியாப் பட்டிக்காரரும் விதைப்புக் காலத்தில் பயிர்மேய்ச்சலுக்காகச் சண்டைபிடித்துப் பொலிஸ் வரை போவதை எல்லோரும் அறிவர். போக ஆரம்பக் கூட்டத்தில் மாட்டை அகற்றும் நாளைக் குறிக்கிறார்கள். அறுவடைக்குப் பின் மாடு வரும் நாளையும் அதே கூட்டத்தில், எந்தப் பட்டி எந்த வயற்கண்டத்துக்கு என்று குறித்துவிட்டால் மேய்ச்சல் ஒரு தொல்லையாக இல்லாமல் ஒப்பந்தமாகிறது. பட்டி அடைத்த இடங்களில் விதைப்புக்கு முன் மாட்டை ஓட்டிப்போவதில் பட்டிக்காரருக்கே அக்கறை கூடுகிறது. அடுத்த ஆண்டு அழைப்பு அவருக்கு வேண்டும். கூலி கிடைக்கும் பட்டிக்காரர், கையில் காசில்லாத வறட்சி மாதங்களில் மெலிந்த நாம்பனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடாமல் வைத்திருக்கலாம். மழைக்குப் பிறகு புல்லில் தேறவிட்டு, நல்ல எடையில், ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி விற்கலாம். அந்த நாம்பன் உழ்ஹிய்யாவாக (பெருநாள் குர்பானியாக) ஏழு குடும்பங்களின் பங்காகிப் பிரிக்கப்படும்போது, ஆண்டு முழுவதும் இறைச்சி வாங்க வழியில்லாத வீடுகளுக்கும் ஒரு பங்கு போகிறது.

மாட்டிறைச்சி உண்ணாத விவசாயிகள் பலர் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் நம்பிக்கைக்கு இதில் எந்த இடைஞ்சலும் இல்லை, அவர்கள் வாங்குவது எருவை மட்டுமே. ஆனால் பட்டியின் பொருளாதாரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியபோது, பிறக்கும் கன்றுகளில் பாதியான ஆண் கன்றுகளை யார் வைத்து வளர்ப்பது என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. நாம்பன் விலைபோகாவிட்டால் பட்டி நிற்காது. பட்டி நிற்காவிட்டால் இந்த எருவும் இல்லை.

காலநிலை ஆபத்தையும் சொல்லிவிடுகிறோம். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலையொட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. திறந்த வெளியில் நனைந்து, வயிறும் காலியாக, காற்றுக்கு மறைப்பில்லாமல் நின்றவைக்கு அந்தக் குளிரைத் தாங்க வழியில்லை. ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு வெளி வயலில் பட்டி அடைக்கக் கேட்காதீர்கள். கேட்டாலும் வராத பட்டிக்காரர்தான் மாட்டை மதிப்பவர்.

பேசி முடிக்கும்போது தலைக்கணக்கில் அல்லாமல் சதுரக் கணக்கில் கூலி பேசுங்கள்: நகர்த்திய ஒவ்வொரு 16 பேர்ச்சுக்கும் இவ்வளவு, பணமாகவோ நெல்லாகவோ. "காக்கா, நாளைக்குப் பட்டிய எந்தப் பக்கம் மாத்துவீங்க?" என்று முதல் நாள் மாலையே கேளுங்கள், கையை நீட்டி இடம் காட்டுகிறவர் திட்டத்தோடு வந்திருக்கிறார். கால்-வாய் நோய் (கோமாரி) தடுப்பூசி எப்போது போட்டது என்று அரச கால்நடை வைத்தியரின் பதிவில் பாருங்கள். தோல் கழலை நோய் பரவும் காலமென்றால் உங்கள் வீட்டுப் பால்மாட்டை வயலுக்குக் கொண்டுவரவேண்டாம். மாட்டின் குறியும் காதுத் தகடும் பட்டிக்காரரின் உரிமைப் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்பதும் அவசியம், களவு மாடு உங்கள் வயலில் பிடிபட்டால் பொலிஸ் முதலில் வருவது உங்களிடம். இராக்காவலுக்கு இரண்டு பேர், வெளிச்சம், யானை வந்தால் கயிற்றை எந்தப் பக்கம் அவிழ்ப்பது என்ற முடிவு, மூன்றும் முதல் இரவுக்கு முன்பே ஆகியிருக்கவேண்டும். முதல் தரம் எடுப்பவர் ஓர் ஏக்கரில் பாதிக்கு மட்டும் எடுத்து, மறு பாதியை வழக்கம்போலச் செய்து, இரண்டின் விளைச்சலையும் பசளைச் செலவையும் தனித்தனியே எழுதி வையுங்கள்.